கஷ்டம்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததா?

கேள்வி: 1990களில் மின்சாரமே இல்லாமல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? அந்தக் கஷ்டம்தான் அவர்களை நன்றாகப் படிக்க வைத்தது என்கிறார்களே, உண்மையா? அந்த ஜாம் போத்தல் விளக்கை எப்படிச் செய்வது?

பதில்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. எங்கேயோ கேள்விப்பட்டதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். போனை விட்டு எழும்பாத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படுகிற தாயாகவோ தகப்பனாகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "அந்தக் காலத்தில் விளக்கில் படித்து முன்னுக்கு வந்தார்கள், உனக்கு எல்லாம் இருந்தும் என்ன" என்று சொல்ல ஒரு சாட்சி தேடுகிறீர்கள் போல. நான் அந்தச் சாட்சி இல்லை. எங்கள் வீட்டில் கஷ்டம் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1980ல் பிறந்தவள். அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் தொழிற்சாலை மூடப்பட்டது. எங்கள் ஊரும் போனது. மானிப்பாயில் பெரியம்மா வீட்டின் பின் விறாந்தையில் வந்து இருந்தோம். அதே ஆண்டில் கரண்ட் நின்றது, ரயில் நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் வராது. மண்ணெண்ணெய் எப்போதாவதுதான் வரும், வந்தால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அரிசியும் மாவும் சீனியும் நிவாரண அட்டைக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடைக்கும், அதுவும் கப்பல் வந்தால். நிவாரணம் கொடுக்கிற நாளில் வகுப்பில் பாதி வாங்கு காலியாக இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் வரிசையில்.

அரசியல் எழுத நான் வரவில்லை. யார் தடை போட்டது, யார் பதுக்கியது, யார் விற்றது என்று கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். எங்களைவிட வன்னியில் இருந்தவர்கள் பட்டபாடு பெரிது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையை மட்டும் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சீருடையில் போக வேண்டும், ஆனால் சவர்க்காரம் இல்லை. அம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் தோய்ப்பார். ஊத்தை நன்றாகவே போகும், ஆனால் வெள்ளை மெல்ல மஞ்சளாகிவிடும், எத்தனை தரம் அலசினாலும் பழ வாசம் போகாது. கொடியில் காயப் போட்டால் மாடு வந்து சப்பும். என் சட்டையின் ஒரு கை அப்படித்தான் போனது. தம்பியின் வேலை உடுப்புக்குக் காவல் இருப்பது. என் வேலை இரவில் சைக்கிள் பெடல் சுற்றுவது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்திருப்பார்கள். பிபிசி வானொலியின் தமிழோசை முடியும்வரை கையால் பெடலைச் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு அடங்கிப்போகும், விறாந்தையில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சத்தம் போடுவார்கள்.

கொப்பிக்கு வருகிறேன். இலங்கையில் 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். அதனால் பழையதோ கிழிந்ததோ, மேல்வகுப்பு அக்காமாரிடமிருந்து புத்தகம் எப்படியோ வந்துவிடும். கொப்பிதான் இல்லை. பென்சிலால் எழுதி, ரீச்சர் பார்த்து முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே திரும்ப எழுதுவோம். மூன்றாம் தரம் அழிக்கும்போது தாள் பஞ்சாகிவிடும். நான் ஆண்டு 7ல் இருந்தபோது, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு சங்கக்கடைக்காரர் பழைய பில் புத்தகக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கம் பில், பின்பக்கம் வெறுமை. அம்மா அதைச் சாக்கு நூலால் தைத்துக் கொடுத்தார். அதுதான் என் கணிதக் கொப்பி.

முதல் நாள் கணித ரீச்சர் அதைத் தூக்கிப் பார்த்து, "உது என்ன கொப்பி, பிள்ளை?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ரீச்சர் தாளைத் திருப்பி முன்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். 1988ல் யாரோ ஒருவர் வாங்கிய சாமான்கள். சீனி இரண்டு கிலோ, சன்லைட் சவர்க்காரம் மூன்று, நெஸ்ரமோல்ட் ஒன்று, ரோச்லைற் பற்றரி நான்கு, தீப்பெட்டி ஒரு பக்கெற். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு நின்றது. இரண்டு கிலோ சீனியை ஒரே தரத்தில் ஒரு ஆள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாரே என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். பிறகு ரீச்சர் அந்தப் பில்லைக் கரும்பலகையில் எழுதி, "இதே சாமானை இண்டைக்குச் சுன்னாகம் சந்தையில வாங்கினால் எவ்வளவு வரும், கணக்குப் பாருங்கோ" என்றார். சந்தை விலை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கடைசி வாங்கில் இருந்து வாயே திறக்காத பிள்ளைகூட எழும்பிப் பற்றரியின் விலையைச் சொன்னாள். அந்த வாரம் நூற்றுவீதம் எங்களுக்கு விளங்கியதுபோல வேறு எந்தப் பாடமும் விளங்கவில்லை. இன்று நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அந்த ரீச்சரை நினைக்காமல் ஒரு கணக்கும் படிப்பித்ததில்லை.

இதுவரை வாசித்தால் "பார், கஷ்டத்திலும் எவ்வளவு அழகு" என்று தோன்றும். அதனால்தான் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களிடம் ஒரு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது, பிள்ளைகள் மூன்று பேர். பெரியம்மாவிடம் ஒரு அரிக்கன் லாம்பு இருந்தது, அது எண்ணெய் குடிக்கும் என்று மூலையில் தொங்கியது. அம்மா எண்ணெய்ப் போத்தலில் ஒரு நூல் கட்டி வைத்திருந்தார். ஒரு கிழமைக்கு அந்த நூல்வரை. ஆளுக்கு அரை மணித்தியாலம் முறை. தம்பி சின்னவன், நித்திரையாகிவிடுவான் என்பதால் முதலில் அவன். பிறகு நான். கடைசியில் அண்ணா. என் அரை மணித்தியாலம் முடிகிறபோது அம்மா அடுப்படியிலிருந்து, "போதும், கொண்ணாவிட்டைக் குடு" என்பார். அண்ணா ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் சொல்வான். "நீ படி. எனக்கு உதெல்லாம் பாடம்."

நான் நம்பினேன். உண்மையிலேயே அண்ணா கெட்டிக்காரன், என்னைவிட நன்றாகக் கணக்குச் செய்வான். அவனுக்கு மனப்பாடம் என்றால் மனப்பாடம்தான் என்று அவனுடைய அரை மணித்தியாலத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். எத்தனை மாதம் என்று நினைவில்லை. அவன் ஆண்டு 10, அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணாவின் வகுப்பாசிரியர் அம்மாவைக் கண்டு, "மகனுக்குச் சுகமில்லையோ? மூண்டு கிழமையாய்க் காணேல்லை" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் சீருடை போட்டு, பையோடு வீட்டிலிருந்து வெளிக்கிட்டவன் அவன். பையைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலில் வைத்துவிட்டு, அந்த வீட்டு அண்ணரோடு கிளாலிக்குச் சைக்கிளில் போயிருக்கிறான். அப்போது குடாநாட்டுக்குச் சாமான் வந்த வழி கிளாலிக் கடல்நீரேரிதான், இரவில், படகில். அங்கே இறங்குகிற எண்ணெய்க் கானையும் மூட்டையையும் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரி ஊடாகச் சுன்னாகத்துக்கு மிதித்துக் கொண்டுவந்தால் கூலி. பதினைந்து வயது. காற்று எதிரே அடித்தால் இறங்கித் தள்ள வேண்டும். மேலே ஹெலி சத்தம் கேட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பற்றைக்குள் விழ வேண்டும்.

அம்மா அவனை அடிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் போய் இருந்தார். அடுத்த நாள் அண்ணா சீருடை போடாமல், பை எடுக்காமல் வெளிக்கிட்டான். பள்ளிக்கூடம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கிழமை எண்ணெய்ப் போத்தலில் நூல் ஒரு விரற்கடை மேலே ஏறியது. அந்த எண்ணெயில்தான் நான் படித்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை கிட்ட வந்து, நாங்கள் இருந்த வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தப் பில் கொப்பிகள் விறாந்தையிலேயே கிடந்துவிட்டன. அண்ணாவின் சைக்கிள் மட்டும் வந்தது, அதில் அம்மம்மாவை வைத்துத் தள்ளினான். இப்போது கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான், அவனைப் பார்த்துப் பாவம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவனுடைய மகள் கணிதத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், "அத்தையைக் கேள்" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விடுவான். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் அவனுக்குத் தெரியும் என்று.

"அந்தக் காலத்திலும் எத்தனை டொக்டர், எத்தனை எஞ்சினியர் வந்தார்கள்" என்று யாராவது எழுதுவீர்கள். வந்தார்கள். என் வகுப்பிலேயே வந்தார்கள், அவர்களை மனமார மதிக்கிறேன். அவர்கள் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். மூட்டை கட்டப் போனவர்கள் எழுத வருவதில்லை. அதனால் கதை ஒரு பக்கமாகவே சொல்லப்படுகிறது. இன்று என் வகுப்பில் பசியோடு வருகிற பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலையை வைத்துவிடும். அந்தப் பிள்ளையிடம் போய்க் கஷ்டம் உன்னை உயர்த்தும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. 2022ல் நாட்டில் நெருக்கடி வந்து, மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். அப்போது இணையத்தில் திரும்பின பக்கமெல்லாம் "இந்த நாட்டுப் பிள்ளைகள் விளக்கில் படிப்பது வரலாற்றில் முதல் தடவை" என்று எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பள்ளிக்கூடத்திலும் பார்த்தேன். ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரு குடாநாட்டுப் பிள்ளைகள் முழுவதும் அப்படியே படித்தார்கள் என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியாமல் போயிருக்கிறதே என்று அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், ஆனாலும் இதையும் எழுதிவிடுகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் பணம் சேர்த்து, பளிங்குக்கல் பதித்து ஒரு நுழைவாயில் வளைவு கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் மேடையேறிய எல்லோரும் விளக்கில் படித்த கதையைச் சொன்னார்கள். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு அன்றும் கதவில்லை, இன்றும் ஒன்றுக்குத் தகரம்தான். வெளிநாட்டில் மாடாக உழைத்து அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பணம் அனுப்பியிருக்காவிட்டால் பல வீடுகளில் அடுப்பே எரிந்திருக்காது. பணம் சேர்ப்பதற்கு முன் அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

சரி, விளக்கு. வாய் அகன்ற ஜாம் போத்தல் ஒன்று எடுங்கள். அடியில் ஒரு பிடி பஞ்சு போட்டு, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுங்கள், பஞ்சுக்கு மேலே எண்ணெய் நிற்கக் கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வை வெட்டி எடுத்து, வெறும் குழாயாக்கி, அதற்குள் வேட்டித் துணியைத் திரித்து இழுங்கள். மெல்லிய கம்பியை வால்வில் சுற்றி, இரண்டு முனையையும் போத்தல் வாயில் கொளுவி விடுங்கள். திரியின் கீழ்முனை பஞ்சைத் தொட வேண்டும், மேல்முனை குழாயிலிருந்து கொஞ்சமே தெரிய வேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு நூராது, அணையாது. கண்ணாடி கொதிக்கும், நூர்த்த கையோடு தொடாதீர்கள், என் இடது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நுளம்பு வலைக்குக் கிட்ட வைக்க வேண்டாம். பெற்றோல் கலந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம், பக்கத்து ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு எரிந்தது.

அந்த வெளிச்சம் ஒரு ஆளுக்குத்தான் காணும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு விளக்காகச் செய்யுங்கள்.