தீராத வயிற்றுவலி

அன்புள்ள ஐயா,

தேர்வு முடிவு வந்தால் மாணவர்கள், மழை பொய்த்தால் விவசாயிகள். இவர்களின் தற்கொலைக்குச் சமூகம் பொறுப்பு என்பதை ஏற்கிறேன். மற்றவர்கள் குடும்பச் சண்டையில் அவசரப்பட்டு முடிவெடுப்பவர்கள். அதையும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறீர்களே, அது அவரவர் மன உறுதியைப் பொறுத்ததல்லவா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ‘மற்றவர்கள்’ என்று ஒதுக்கியவர்கள்தான் பெரும்பான்மை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். மாணவர்கள் 13,044. விவசாயத்தைச் சார்ந்தவர்கள் 11,290. இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள். இல்லத்தரசிகள் 25,000-க்கும் மேல்; மாணவர்களையும் விவசாயிகளையும் கூட்டினால்கூட அந்த எண்ணிக்கை வராது.

இந்தப் பெண்கள் ஏன் நம் கண்ணில் படுவதில்லை? ‘தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை’ என்ற செய்தியைப் படிக்காத தமிழர் உண்டா? இத்தனை பேருக்கு வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்று பல ஆண்டுகள் நான் யோசித்ததே இல்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. மணமாகி ஏழாண்டுக்குள் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. ஊர்வாய்க்கும் விசாரணைக்கும் அஞ்சும் வீட்டார் சொல்வது பல நேரம் வயிற்றுவலிதான். அவள் பட்ட அடியும், கணவனின் குடியும், பேச ஆளில்லாத பகல்களும் அந்த ஒரு சொல்லில் புதைந்துபோகின்றன.

உலகப் பெண்களில் இந்தியப் பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் 2016-இல் உலகெங்கும் தற்கொலையால் இறந்த பெண்களில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். நம் பெண்களுக்கு மட்டும் மன உறுதி குறைவு என்றா சொல்வீர்கள்?

2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசி ஆண்கள். அதையும் மறைக்கக் கூடாது. குடியும் கடனும் வேலையின்மையும் அழுத்தும்போது வாய்திறந்து சொல்ல ஆண்களை நாம் பழக்கவில்லை.

முயன்று பிழைத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. ஓர் இறப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் இருக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒருமுறை முயன்றவருக்கே மறுபடி ஆபத்து அதிகம். ஆனால் போலீஸ் வழக்குக்கு அஞ்சி ‘தவறுதலாக நடந்தது’ என்றே ஆஸ்பத்திரியில் எழுதவைத்தோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. இது தெரியாத வீடுகள் இன்னும் நிறைய.

அப்படிப் பிழைத்து வந்த ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், போய்ப் பாருங்கள். காரணம் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.