இன்னொரு வருடம்

அன்புள்ள ஐயா,

நான் சொந்தமாக ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரவு ஷட்டரை இறக்கிய பிறகு உங்கள் கட்டுரைகளைப் படிப்பது வழக்கம். இது கட்டுரை பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும். என் மகள் 2025 மே மாதம் நீட் எழுதி 720க்கு 361 எடுத்தாள். தமிழ்வழி. படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டாள். நாமக்கல் பக்கம் ஒரு மையத்தில் மறுபடி எழுதுகிறவர்களுக்கு ரிப்பீட்டர் பேட்ச் ஆரம்பிக்கிறார்கள், விடுதியோடு. இந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார்கள். “போன வருஷம் 361க்கு ஒன்றும் இல்லை, இந்த வருஷம் 361 நல்ல மார்க்” என்கிறார்கள். என் மனைவியோ பி.எஸ்சி. சேர்த்துவிடலாம் என்கிறாள். ஒரு வருடம் வீணாகுமா, பலன் தருமா? உங்களிடம் கேட்கக்கூடிய விஷயமா என்றும் தெரியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகக் கேட்கலாம். நானும் அப்படி ஒரு வருடத்தை வீட்டில் கழித்தவன்தான். 1992ல் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300க்குக் கட் ஆஃப் போடுவார்கள். குறைந்தவர்கள் மறுபடி எழுதிக் கூட்டிக்கொள்ள ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்று ஒரு வழி இருந்தது. எழுதினேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, போன வருடம் படித்த அதே நோட்ஸை, போன வருடம் அடிக்கோடிட்ட அதே வரிகளை, மறுபடி படித்தேன். தெரிந்ததைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு, உழைப்பதுபோலவே இருக்கும். கடைசியில் கூடியது ஆறு மதிப்பெண். அந்த வருடம் முழுக்க எனக்காக நாலு மணிக்கு எழுந்து காபி போட்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பால் கணக்கு நோட்டை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள்.

மையத்துக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2024ல் முழுதாக 720 வாங்கியவர்கள் என்று முதலில் 67 பேரை அறிவித்தார்கள். கருணை மதிப்பெண் ரத்து, மறுதேர்வு, ஒரு இயற்பியல் கேள்விக்கு விடை திருத்தம் என்று எல்லாம் முடிந்தபோது 17 பேர். 2025ல் முதலிடமே 686தான். இயற்பியல் பிள்ளைகளை அழவைத்துவிட்டது. ஆகவே ஒரு வருடத்து மதிப்பெண்ணை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் தரவரிசையைப் பாருங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

361ஐ எப்படி எடுத்தாள்? கடிதத்தில் அது இல்லை. 180 கேள்வி, சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. ஒரு பெண் 91 சரி, 3 தப்பு, மீதி 86ஐத் தொடவே இல்லை என்றால் 361. இன்னொரு பெண் 104 சரி, 55 தப்பு, 21 விட்டுவிட்டாள் என்றாலும் அதே 361. தாளில் ஒரே எண். ஆனால் இவர்கள் இருவரையும் ஒரே பேட்ச்சில் உட்காரவைப்பது அநியாயம். முதல் பெண் தொட்டதையெல்லாம் சரியாகச் செய்கிறாள். பாடம் முடியவில்லை, அல்லது கை வேகம் போதவில்லை. அவளுக்கு ஒரு வருடம் கொடுத்தால் அந்த வருடம் வேலை செய்யும். இரண்டாமவள் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிட்டாள். மூன்று கேள்வியைத் தொட்டால் ஒன்று தப்பாகிறது. அவளுக்கு மறுபடி முதல் பாடத்திலிருந்து வகுப்பு எடுப்பது என்னுடைய நாலு மணிக் காபி மாதிரிதான்.

உங்கள் மகள் எந்தப் பெண் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுகிறார்கள், அலமாரியில் எங்காவது கிடக்கும். அவள் வட்டங்களைக் கறுப்பாக்கிய ஓ.எம்.ஆர். விடைத்தாளின் பிரதியையும் சரியான விடைகளையும் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையே கொடுத்திருக்கும். பட்டறையில் ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆகி வந்தால் என்ன செய்வீர்கள்? உடனே புது ராடை மாட்டமாட்டீர்கள். டூல் மழுங்கியதா, அளவு பார்த்ததில் பிசகா, மெட்டீரியலே சரியில்லையா என்று பார்ப்பீர்கள். அதையே செய்யுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்வியையும் அவளே எடுத்து, இப்போது நிதானமாகப் போட்டுப் பார்க்கட்டும். இப்போதும் வரவில்லையா, அது தெரியாதது. இப்போது வருகிறதா, அது பிசகு: ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று வாசித்தது, அலகை மாற்ற மறந்தது, வட்டத்தை ஒரு வரிசை தள்ளிக் கறுப்பாக்கியது. அன்று குத்துமதிப்பாக அடித்ததைத் தனியே வைக்கட்டும். விட்டுவந்த கேள்விகளிலும் இப்போது வருவது எத்தனை என்று பார்க்கட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். நீங்கள் பக்கத்தில் உட்காரவேண்டாம், திட்டுவீர்கள்.

குத்துமதிப்பு பற்றி ஒன்று. ‘தெரியாததைத் தொடாதே’ என்று எல்லா மையங்களிலும் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால்கூடச் சராசரியாகக் கால் மதிப்பெண் வரவுதான். பத்துக் கேள்வியை இப்படி அடித்தால் சுமார் நாலில் ஒருமுறை நஷ்டத்தில் முடியும், அவ்வளவே. இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வரவு. அதை விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம். தள்ளத் தெரிவதும் படிப்புதான்.

தமிழ்வழி என்கிறீர்கள். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலம்தான் செல்லும். 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிழை தேர்வு நடத்தியவர்களுடையது, நஷ்டம் பிள்ளைகளுடையது. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. ஆனால் கோபத்தை மகளின் பையில் வைத்து அனுப்ப முடியாது. கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழப்பமான தமிழ் வாக்கியம் வந்தால் கண் தானாக ஆங்கில வரிக்குப் போகவேண்டும்.

உங்கள் மனைவி சொல்வதை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். நீட்டை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று இப்போது வரம்பு இல்லை. பிசகும் குத்துமதிப்பும்தான் அதிகம் என்றால், பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே வாரம் ஒரு பழைய வினாத்தாளை, தேர்வு நடக்கும் அதே மதியம் இரண்டு முதல் ஐந்து மணிவரை, போட்டுப் பழகலாம். தெரியாததும், தொடமுடியாமல் விட்டதும்தான் அதிகம் என்றால் விடுதியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், எங்கள் மகளுக்கு இன்னின்ன பாடம்தான் வரவில்லை, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டவேண்டாம். இந்த வாரமே கட்டவேண்டும் என்பதெல்லாம் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி, அடுத்த வாரமும் இருக்கும்.

கடிதத்தில் உங்கள் யோசனை இருக்கிறது, உங்கள் மனைவியின் யோசனை இருக்கிறது, மையத்துக்காரர்களின் யோசனைகூட இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள்? எண்ணி முடித்ததும் தெரியாதது எத்தனை, பிசகு எத்தனை, குத்துமதிப்பு எத்தனை, விட்டது எத்தனை என்று எழுதுங்கள். இந்தமுறை அவளையே எழுதச் சொல்லுங்கள்.