தமிழில் ஆன்லைனில் கட்டுரை எழுதிச் சம்பாதிக்க முடியுமா? மாதம் எவ்வளவு கிடைக்கும்?

கேட்டிருப்பவர் கடலூர் முதுநகர். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாராம், அப்பாவுக்கு மீன் வியாபாரம். நான் இங்கே திருப்பாதிரிப்புலியூர்தான். பக்கத்து ஆள் கேட்கும்போது பூசி மெழுக வேண்டாம், கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எழுத்தில் வந்தது 11,350 ரூபாய். யூடியூப் சேனல்களுக்கு ஒன்பது ஸ்கிரிப்ட், ஒன்றுக்கு 700 வீதம் 6,300. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்ததில் 4,200. என் சொந்தத் தளத்தில் விளம்பரத்தால் ஏறியது வெறும் 850. அதுவும் ஏறியதுதான், கைக்கு வரவில்லை. நீங்கள் கேட்டிருப்பது இந்தக் கடைசி இனத்தைப் பற்றி!

நான் கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி நோட்டீஸ், கட்சி போஸ்டர் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அடித்து விரலுக்குப் பழகிப்போனது. குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே என்று தேடியபோது, பக்கம் பக்கமாக டைப் செய்தால் மாதம் 15,000 என்று ஒரு விளம்பரம். பதிவுக் கட்டணம் 1,500 கட்டினேன். பத்து நாள் தூங்காமல் அடித்து அனுப்பினால், 'துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு மெயில். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸ்ல இத்தன எழுத்துப்பிழையா?" என்றார். அதோடு விட்டேன். வேலை கொடுக்கிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அந்த நிமிஷமே வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம்தான் சொந்தத் தளம். நம் தளத்தில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தருகிற கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதிக் குவித்தவர்கள் பலர் ஆசைக்கு எழுதியவர்கள். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு ரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். பதிவுத் தபால் இல்லை, எங்கே வருகிறது என்று பார்க்கவும் வழியில்லை. எங்கள் வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. நான் புதியதை மட்டும் போட்டிருந்தேன். முதல் கடிதம் வரவே இல்லை. இரண்டாம் தடவை இரண்டு எண்ணும் போட்டு, 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்றும் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் வாசலில் நின்று, "ஏம்மா, கூகுள்ல வேலை கெடச்சிருச்சா?" என்றார். ஓரங்களைக் கிழித்துப் பிரித்தால் உள்ளே ஆறு இலக்கம். மாமியார் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை வங்கிக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்த முதல் 100 சேரப் பதினாலு மாதம் ஆனது.

அந்த 100 டாலரில் பாதிக்கு மேல் கொண்டுவந்தது ஒரே கட்டுரை. பலாப்பழம் பார்த்து வாங்குவது எப்படி என்று எழுதியது. மாமியாருக்குப் பண்ருட்டிப் பக்கம். அவரோடு மண்டிக்கே போயிருந்தேன். முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அகண்டு மழுங்கியிருந்தால் முற்றியது. தட்டினால் 'டங்'கென்றால் காய், 'தொப்'பென்றால் பழம். அரியும்முன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவாவிட்டால் பால் பிசுக்குப் போகாது. இவ்வளவுதான் விஷயம். வருஷா வருஷம் சித்திரை பிறந்தால் அதற்குக் கூட்டம் வந்துவிடும். நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய 'வெற்றிக்கு ஏழு வழிகள்' வகையறாவை நானே இப்போது திறந்து பார்ப்பதில்லை.

அந்தப் பலாக் கட்டுரையை ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் அப்படியே போட்டிருந்தார்கள். 'என் மாமியார் சொல்வார்' என்ற வரிகூட அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் கல்யாணமாகாத பையன் என்று பின்னால் தெரிந்தது.

அதே கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் ஒரு சமையல் சேனல்காரர் ஸ்கிரிப்ட் எழுதித் தரக் கேட்டார். அதாவது என் தளம் எனக்குச் சம்பளம் தரவில்லை, ஆள் பிடித்துக் கொடுத்தது. தளத்தை நீங்களும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி விஷயத்தில் வாய்கூசாதீர்கள். புது ஆளிடம் பாதியை முன்பணமாக வாங்குங்கள். நான் வாங்காமல் எழுதிக் கொடுத்த 4,800 ரூபாய் ஒரு நிறுவனத்தில் இன்றுவரை "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு மேடம்". மொழிபெயர்ப்பு தருகிறவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தருகிறார்கள். ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பி.காம். படித்த உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாட்ஜிபிடி வந்தபின் பொதுவான கட்டுரைக்குக் கூலி விழுந்துவிட்டது, அதை மறைக்க முடியாது. முன்பு 300 ரூபாய்க்கு எழுதச் சொன்னவர்கள் இப்போது அது எழுதியதைக் கொடுத்து, 80 ரூபாய்க்குத் தமிழாக்கித் தரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே தமிழில் இருப்பதைத் தமிழாக்குவது! நான் எடுப்பதில்லை, புதிதாக எழுதுவதைவிட நேரம் பிடிக்கிறது.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் கை வந்துவிடும். எதை எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வஞ்சிரம் விலை ஏறும், சந்தையில் ஐஸில் கிடந்த மீன் வரும். செவுளையும் கண்ணையும் பார்த்து எது இன்றைய மீன், எது பழையது என்று உங்கள் அப்பா சொல்லிவிடுவார். விடியற்காலை ஏலத்துக்கு அவரோடு போய், அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து எழுதுங்கள். நாலைந்து படமும் எடுங்கள். மார்ச் முடிவதற்குள் போட்டுவிட்டால் இந்தத் தடைக்காலத்துக்கே ஆள் வரும்.