மின்தடை இல்லாத இடத்தில் வெப்பம் எப்படி ஓடும்?

கேள்வி: மகனின் கல்லூரிக் கண்காட்சியில், திரவ நைட்ரஜனில் குளிர வைத்த கறுப்பு வில்லை ஒன்றின் மேல் காந்தம் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தேன். அது செம்பு ஆக்சைடு மீக்கடத்தி என்றும், அதன் மின்தடை சுழி என்றும் சொன்னார்கள். அப்படியானால் வெப்பமும் அதில் தடையின்றி ஓடுமா? 'போலி இடைவெளி' என்று ஒரு மாணவர் சொன்னதன் பொருள் என்ன?
— வாசகி, மல்லேசுவரம், பெங்களூரு

பதில்: ஓடாது. மீக்கடத்தி என்ற பெயர் மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

வெள்ளி டம்ளரில் கொதிக்கும் காப்பியை ஊற்றினால் விளிம்பைத் தொட முடிவதில்லை. எவர்சில்வர் டம்ளரைச் சற்று நேரம் பிடித்திருக்கலாம். மின்சாரத்தைக் கடத்துவதிலும் வெள்ளியே முந்தும். உலோகத்தில் இரண்டையும் பெரும்பாலும் சுமப்பவை எலக்ட்ரான்களே என்பதால், வெப்பக் கடத்துதிறனை மின்கடத்துதிறனாலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்தால், தங்கமோ செம்போ, 2.44 × 10⁻⁸ என்ற எண்ணுக்கு அருகிலேயே விடை வரும். இந்த உறவின் அடிப்படையை வீடமானும் ஃபிரான்ஸும் 1853இல் கவனித்தார்கள்.

மீக்கடத்து நிலையில் இந்த உறவு அறுந்துபோகிறது. அங்கே எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்கின்றன. இணை சேர்ந்தவை யாவும் ஒரே குவாண்டம் நிலையில் ஒடுங்கிவிடுவதால், அவற்றிடம் எடுத்துச் செல்ல வெப்பமே இருப்பதில்லை. 7.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும் ஈயத்தை இன்னும் நன்றாகக் குளிர்வித்தால் அது வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். காந்தப்புலத்தால் மீக்கடத்தலைக் கலைத்தால் மறுபடி நன்றாகக் கடத்தும். குளிரியல் ஆய்வகங்களில் இத்தகைய உலோகங்களையே வெப்பத்துக்கான ஸ்விட்சாகப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் பார்த்த வில்லை அநேகமாக யிட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடாக இருக்கும். 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் அதற்கு 77 கெல்வினில் கொதிக்கும் நைட்ரஜனே போதுமானது. அதன் வெப்பக் கடத்துதிறன் மட்டும் ஈயத்தைப் போல நடந்துகொள்வதில்லை: 93 கெல்வினைத் தாண்டிக் கீழே இறங்கியதும் முதலில் ஏறி, ஏறத்தாழ அதில் பாதி வெப்பநிலையில் உச்சம் தொட்டு, பிறகுதான் சரிகிறது. எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே நகர்ந்தவை. பலவும் இணை சேர்ந்து ஒதுங்கிய பின், எஞ்சியவற்றுக்கு வழி காலியாகிவிடுகிறது. பண்டிகை விடுமுறையில் ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, போலி இடைவெளி. இடைவெளி என்பது எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி. செம்பு ஆக்சைடுத் தளங்களில் (அணு அடுக்குகளில்) துளைகளின், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களின், எண்ணிக்கை குறைவாக உள்ள சேர்மங்களில், மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு வெகு மேலேயே எலக்ட்ரான் நிலைகளில் ஒரு பகுதி காணாமல் போகிறது. முழு இடைவெளி விழுந்திருந்தால் பொருள் மின்கடத்தாப் பொருளாகியிருக்கும். ஆனால் குறிப்பிட்ட சில திசைகளில் ஓடும் எலக்ட்ரான்கள் மட்டுமே மறைவதால் மின்சாரம் தொடர்ந்து ஓடுகிறது. 1989இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீடுகளில் இது புலப்பட்டது. பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதில் போலி எதுவும் இல்லை, அரைகுறை இடைவெளி என்பதே சரி.

இந்த நிலையின் எல்லையை மின்சாரம் தெளிவாகவே காட்டுகிறது. 2016இல் வெளியான ஆய்வில், 88 டெஸ்லா வரையிலான காந்தப்புலத்தால் மீக்கடத்தலை அடக்கி ஹால் விளைவை, அதாவது காந்தப்புலத்தில் மின்சாரம் ஓடும்போது பக்கவாட்டில் எழும் மின்னழுத்தத்தை, அளந்தார்கள். ஒரு செம்பு அணுவுக்கு ஏறத்தாழ 0.19 துளைகள் என்ற அளவுக்கு மேலே செல்லும்போது, மின்னூட்டச் சுமப்பிகளின் எண்ணிக்கை p என்பதிலிருந்து 1+p ஆகத் தாவியது (p என்பது ஒரு செம்பு அணுவுக்கான துளைகளின் எண்ணிக்கை). அதாவது, போலி இடைவெளி மறையும்போது செம்பு அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது.

வெப்பம் வேறு கதை சொன்னது. சிறு படிகத்தின் ஒரு முனையைச் சூடாக்கி, காந்தப்புலத்தில் வைத்து, பக்கவாட்டில் எழும் மிக நுண்ணிய வெப்பநிலை வேறுபாட்டை அளப்பது வெப்ப ஹால் அளவீடு. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகக் குழு 2019இல், போலி இடைவெளி நிலையில் எதிர்க்குறியுடன் பெரியதொரு வெப்ப ஹால் விளைவைக் கண்டது. எலக்ட்ரான்களின் வேலை என்று சொல்லிவிட முடியவில்லை. துளைகள் சேர்க்கப்படாத, மின்சாரமே ஓடாத தாய்ச் சேர்மமான லாந்தனம் செம்பு ஆக்சைடிலும் அது வலுவாக இருந்தது. அடுத்த ஆண்டு அதே குழு வெப்பத்தைத் தளங்களுக்குச் செங்குத்தாக அனுப்பிப் பார்த்தது. எலக்ட்ரான்களுக்கு அந்தத் திசையில் நகர்வது மிகக் கடினம். ஆனாலும் பக்கவாட்டு விலகல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆகவே சுமப்பவை படிகத்தின் அணு அதிர்வுகளான ஃபோனான்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். மின்னூட்டமே இல்லாத ஓர் அதிர்வைக் காந்தப்புலம் எப்படி ஒரு பக்கமாக வளைக்கிறது என்பதில் கோட்பாட்டாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.