பேய் வீட்டின் சொந்தக்காரர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் முள்ளியவளைப் பக்கம். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக இரவில் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு ஒரு விசயத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். அமெரிக்காவில் டிஸ்னிலாண்டில் ஹோண்டட் மேன்ஷன் என்று ஒரு பேய் வீட்டுச் சவாரி இருக்கிறது. வண்டியில் ஏற்றி வீட்டுக்குள்ளால் கொண்டுபோவார்கள். அந்த வீட்டில் முன்பு இருந்தது யார், செத்தது எப்படி, கொன்றது யார் என்று இரசிகர்கள் எக்கச்சக்கமான தியறி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இது: மாடியறை முடிய வண்டி பின்பக்கமாகத் திரும்பி யன்னலால் வெளியே சரிந்து மயானத்துக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் நாங்கள் விழுந்து செத்துவிட்டோம், அதனால்தான் அதன்பிறகு பேய்களெல்லாம் எங்களோடு கூடிப் பாடுகின்றன. இது சரியா? எழுதுகிற ஆள் இதிலெல்லாம் மினக்கெடலாமா? கனடாவிலிருக்கிற சித்தப்பாவின் மகன் போன மார்கழியில் அங்கே போய் வந்தவன். தான் மணப்பெண் ஒன்றையும் காணவில்லை, சிவப்பு உடுப்புப் போட்ட எலும்புக்கூட்டைத்தான் கண்டேன் என்கிறான். ஒரே குழப்பம்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கூரையில்லாத வீடு ஒன்று பற்றைக்குள் கிடக்கிறது. அதற்கும் இப்படி ஒரு பின்கதை எழுதி முகநூலில் போட்டேன். ஒரு மணப்பெண், ஒரு கிணறு, அவ்வளவுதான். அம்மா வாசித்துவிட்டு ஏசின ஏச்சில் அழித்துவிட்டேன். விளையாட்டாக எழுதினதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

சின்ன விசயத்தை முதலில் முடிப்போம். உம்முடைய சித்தப்பாவின் மகன் பொய் சொல்லவில்லை. 2001 தொடக்கம் கலிபோர்னியா வீட்டுக்கு வருசாவருசம் வேசம் மாற்றுகிறார்கள். இலையுதிர் காலம் தொடங்கும்போது ஒரு கிறிஸ்மஸ் படத்தின் பாத்திரங்கள் உள்ளே வந்துவிடும். புதுவருசம் முடியத்தான் போகும். அவர் மார்கழியில் கண்ட சிவப்புடுப்புக்காரர் அந்தப் படத்து ஆள். மணப்பெண்ணுக்கு அப்போது லீவு.

எது சரியான கதை என்று கேட்கிறீர். அப்படி ஒன்று இல்லை. ஒளித்துவைத்த கதையும் இல்லை. கட்டினவர்களே ஒரு கதையில் நிற்கவில்லை. 1957 இல் கென் அண்டர்சன் என்ற வடிவமைப்பாளர் ஒரு கப்பல் கப்டனையும் அவனுடைய மணப்பெண்ணையும் வைத்து ஒன்று எழுதினார். அது கைவிடப்பட்டது. 1963 இல் வீட்டின் வெளிப்புறம் எழும்பிவிட்டது, உள்ளே வெறும் வீடு. வேலை செய்ய வேண்டியவர்களை 1964 நியூயோர்க் உலகக் கண்காட்சி இழுத்துக்கொண்டது. 1966 டிசெம்பரில் வால்ட் டிஸ்னி செத்துப்போனார். சவாரி திறந்தது 1969 ஓகஸ்ட் 9 ஆம் திகதி. அதுவரைக்கும், ஓய்வெடுக்க விரும்பும் பேய்கள் வந்து தங்கலாம் என்று ஒரு பலகையை மட்டும் வெளியே நட்டு வைத்திருந்தார்கள். பேய் வீடு என்று பலகை போட்ட வீடு வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்தால் சனம் சும்மா இருக்குமா? உள்ளே போய்ப் பார்த்த ஒருவர் பயத்தில் செத்தார், அதனால்தான் திறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. சவாரி ஓடத் தொடங்குவதற்கு முன்னமே அதற்கு முதல் தியறி பிறந்துவிட்டது.

உள்ளே வேறு இழுபறி. குளோட் கோட்ஸ் என்பவருக்கு வீடு பயமுறுத்த வேண்டும். மார்க் டேவிஸ் என்பவருக்குப் பேய்கள் சிரிப்புக் காட்ட வேண்டும். கடைசியில் முன்பாதியை ஒருவர் பாணியிலும் பின்பாதியை மற்றவர் பாணியிலும் ஒட்டினது போலத்தான் வந்தது. முன்பாதியில் ஆளில்லாத நீண்ட நடை, தட்டுகிற கதவுகள், மூச்சுவிடுகிற பலகை. பின்பாதியில் ஒரே கும்மாளம். இரசிகர்கள் இந்த ஒட்டுக்குச் சொல்லும் நியாயத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன். நடுவில் ஓர் அறையில் கண்ணாடி உருண்டைக்குள் தலைமட்டும் தெரிகிற லியோட்டா ஆவிகளைக் கூப்பிடுகிறாள் அல்லவா? அவள் கூப்பிடும்வரை பேய்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, கூப்பிட்ட பிறகுதான் உருவம் எடுக்கின்றன என்கிறார்கள். இரண்டு கலைஞர்களின் பிடிவாதத்தை அந்த வீட்டின் சட்டமாக்கிவிட்டார்கள். இது நல்ல தியறி. ஏனென்றால் சவாரியில் இருக்கிற ஒரு சாமானையும் அது மறைக்கவில்லை, இல்லாத சாமானையும் கொண்டுவந்து வைக்கவில்லை.

கெட்ட தியறிக்கும் உதாரணம் சொல்கிறேன். புளோரிடாவில் 1971 இல் திறந்த இன்னொரு ஹோண்டட் மேன்ஷன் வீட்டு வாசலில் விளையாட்டுக் கல்லறைகள் இருக்கின்றன. ஒன்றில் மாஸ்டர் கிரேசி என்று பெயர். மாயக்காட்சிகளைச் செய்த யேல் கிரேசிக்குச் சகபாடிகள் செய்த மரியாதை அது. பெயரைக் கண்ட இரசிகர்கள் அவரைத்தான் வீட்டுக்காரர் ஆக்கினார்கள். பிறகு, வண்டிக்குள் குரல் கொடுக்கும் பேயும் அவரே, முன்னறையின் உச்சியில் தூக்கில் தொங்குவதும் அவரே, மணப்பெண்ணின் புருசனும் அவரே என்றார்கள். 2003 இல் வந்த படம்கூட வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரையே வைத்தது. ஒரு கல்லில் கிடந்த ஒரு பெயரின்மேல் இவ்வளவு பாரம். எனக்கு இந்த வம்சாவளிக்காரர்களோடு ஒத்துவராது. எல்லாரையும் எல்லாருக்கும் சொந்தமாக்கினால் கதை தெளிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

விருந்து மண்டபத்தைப் பாரும். கீழே பேய்ச்சோடிகள் சுழன்று ஆடுகின்றன. அதில் பெண்கள்தான் ஆண்களை நடத்துகிறார்கள். செத்தவர் உலகத்தில் எல்லாம் தலைகீழ் என்று இதற்கு அழகான ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். உண்மை என்னவென்றால், அங்கே நீர் பார்ப்பது பொம்மையை அல்ல, கண்ணாடியில் விழும் நிழலை. வண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மிகப் பெரிய கண்ணாடித் தகடு நிற்கிறது. பொம்மைகள் வண்டிப்பாதைக்கு மேலும் கீழும் இருட்டில் ஆடுகின்றன. அவற்றின்மேல் விழும் வெளிச்சம் மட்டும் கண்ணாடியில் பட்டு மண்டபத்துக்குள் நிற்பதுபோலத் தெரிகிறது. 1862 இல் ஜோன் ஹென்றி பெப்பர் லண்டன் மேடையில் காட்டிய அதே வித்தை. கண்ணாடி இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டது, பெண்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். இது தெரிந்த பிறகும் எனக்குத் தலைகீழ் உலகம்தான் பிடிக்கிறது என்பது வேறு விசயம்.

எனக்கு ஆகப் பிடித்தது மோதிரக் கதை. புளோரிடா வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வட்டமாக ஓர் இரும்புத்துண்டு தெரிந்தது. முன்பு அங்கே நின்ற கம்பத்தை வெட்டி எடுத்தபோது நிலத்துக்குள் மிஞ்சின அடி. அவ்வளவுதான். காலால் மிதித்துப் போனவர்களில் யாரோ குனிந்து பார்த்திருக்கிறார். மணப்பெண் மாடியிலிருந்து எறிந்த மோதிரம் என்று கதை பரவிற்று. வருகிறவர்கள் தேடிப்பார்க்கத் தொடங்கினார்கள். திருத்தவேலையில் அந்தத் துண்டு போனபோது இரசிகர்களுக்குக் கவலை. பிறகு நிறுவனமே மெய்யான மோதிர வடிவம் ஒன்றைச் செய்து நிலத்தில் பதித்தது. வெட்டின கம்பத்தைத் தாலிக்கு ஈடான பொருளாக்கின அந்த முகம்தெரியாத ஆள்தான் என் கணக்கில் எழுத்தாளர்.

இனி உம்முடைய தியறி. யன்னலால் விழுகிற இடம் நன்றாகத்தான் பொருந்துகிறது. வண்டி பின்பக்கமாகச் சரிகிறபோது மேலே மரக்கிளை தெரிவதையும் நீர் கணக்கில் எடுத்திருக்கலாம். ஆனால் முடிவு வரைக்கும் பாரும். மயானம் தாண்டிக் கண்ணாடிகளுக்கு முன்னால் போகும்போது ஒரு பேய் உம்முடைய வண்டியில் ஏறிக்கொண்டு, வீட்டுக்கு வரப் பார்க்கிறது. செத்தவருக்கு எந்த வீடு? அதன் பிறகு வெளியே வரும் வழியில் சின்ன உருவம் ஒன்று, திரும்பி வாருங்கள், வரும்போது மரணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்கிறது. அப்படியென்றால் நீர் இன்னும் சாகவில்லை. உம்முடைய தியறி கடைசி இரண்டு நிமிசத்தில் தோற்றுப்போகிறது.

அந்தச் சான்றிதழ்ப் பகிடிக்கு அங்கே எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேணும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் கொட்டில் போட்டுக் குந்தின, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் அதைச் சொல்ல முடியுமா? பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு நீட்டப்பட்ட கடதாசி அது. வேண்டாம் என்றார்கள். எங்கட ஊரில் அது பகிடியாவதற்கு இன்னும் கனகாலம் செல்லும்.

2006 இல் நிறுவனம் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். அதுவரை மாடியறையில் நின்ற மணப்பெண்ணுக்குப் பெயரில்லை. கையில் மெழுகுதிரி, நெஞ்சில் சிவப்பாக அடிக்கிற இருதயம். கொன்றவளா, கொல்லப்பட்டவளா, காத்திருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. 2006 இல் அவளுக்குக் கொன்ஸ்டன்ஸ் என்று பெயர் வைத்து, கோடரி கொடுத்து, ஐந்து புருசன்மாரின் தலையை எடுத்தவள் ஆக்கினார்கள். முன்னறையில் ஒரு படம் முதலிலிருந்தே இருந்தது: ஒரு கிழவி கல்லறைமேல் இருக்கிறாள், கீழே அவள் புருசனின் சிலையில் தலைக்குள் கோடரி. இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பழைய பெண்தான் வேணும். கேட்க ஏதாவது மிச்சம் வைத்திருந்தவள் அவள்.

இனி ஒழுங்கை முடிவு வீடு.

அம்மா ஏசினது பேய்க்கதை எழுதியதற்காக என்று நினைக்கிறீர் போல. எனக்கு அப்படித் தெரியவில்லை. டிஸ்னி வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை. அங்கே இருப்பதாகச் சொல்லுகிற 999 பேயும் கூலிக்குச் செய்த கற்பனை. நீர் யாரை அங்கே கொலைகாரி ஆக்கினாலும் வழக்குப் போட ஆளில்லை. உம்முடைய ஒழுங்கை வீட்டில் ஆரோ சோறு சமைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். கிணற்றுக்குள் நீர் தள்ளின மணப்பெண், அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவளாக இருந்தால்?

இதற்காக எழுதவேண்டாம் என்று சொல்லமாட்டேன். பார்க்காமல் எழுதிவிட்டீர் என்பதுதான் என் முறைப்பாடு. கூரையில்லாத வீடு என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர். கூரை எப்படிப் போனது? யுத்தத்தில் செல் விழுந்த வீடென்றால் சுவர்த்தலை பிய்ந்திருக்கும், கல் நொருங்கியிருக்கும், ஓட்டுத்துண்டு உள்ளே குவிந்து கிடக்கும். சுவர்த்தலை நேராக இருந்து, கைமரம் இருந்த குழிகள் மட்டும் வெறுமையாக இருந்தால் அது செல் இல்லை, வீட்டுக்காரர் தானே கழற்றினது. கதவு நிலை இருந்த இடத்தையும் பாரும். சுற்றிவரச் சீமெந்தைக் கொத்தி முதிரை நிலையை முழுசாக எடுத்திருப்பார்கள். 2008 இலும் 2009 இலும் எங்கட சனம் தகரம், ஓடு, நிலை, யன்னல் எல்லாம் ரக்ரரில் ஏற்றிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தது. போன இடத்தில் கொட்டில் போட வேணும் என்றுதான் ஏற்றினார்கள். அங்கேயிருந்தும் எழும்பி, கடைசியில் தறப்பாளோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் வந்து அந்த வீட்டைப் படம் பிடித்துக் குண்டுபட்ட வீடு என்று போடுவார். அதுவும் ஒரு தியறிதான், கம்பத்தடியை மோதிரம் என்றதுபோல. ஆனால் மோதிரத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை.

பக்கத்தில் கற்சிலைமடுவுக்குப் போயிருப்பீர். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 இல் வெள்ளைக்காரரின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று வென்றவர்கள் நட்ட கல் சொல்லிற்று. தோற்கடித்தான் என்று மட்டும்தான் அதில் இருந்தது, கொன்றான் என்று இல்லை. மிச்சத்தையெல்லாம் ஊர் சொன்னது. உம்முடைய டிஸ்னி இரசிகர்கள் அந்த ஒரு வரியை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது.

அந்த வீட்டு நிலை இருக்கிறதா என்று ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வாரும். பாம்பு கிடக்கும், தடியோடு போம். அம்மாவின் கோபம் ஆறினபிறகு, வீட்டுக்காரர் இப்போது எங்கே என்று அவவிடமே கேளும். ஆள் இருக்கிறார் என்றால், கழற்றின ஓடுகளை எதுவரைக்கும் கொண்டுபோனார் என்று கேட்டு எழுதி அனுப்பும். மணப்பெண்ணும் கிணறும் வேணுமென்றால், இல்லாத ஊரில் இல்லாத வீடொன்றைக் கட்டி அதற்குள் வையும். அதையும் வாசிப்பேன்.

அன்புடன்,
அக்கா