மச்சமும் லட்சணமும்: கேள்வி பதில்

கேள்வி: ஆண் நான். இடது தோளில் மச்சம். கெட்டதா?

பதில்: ஆணுக்கு வலம், பெண்ணுக்கு இடம் விசேஷம் என்பது பொது விதி. அதைத் தாண்டினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மச்சம் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். பலன் அப்புறம்.

கேள்வி: 'முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவன்' என்கிறார்களே, அவை எவை?

பதில்: இப்படிக் கேளுங்கள்! உடல் அமைப்பைப் பார்த்துப் பலன் சொல்லும் சாமுத்திரிகா கணக்கில் 5 நீண்டவை, 5 மெல்லியவை, 7 சிவந்தவை, 6 உயர்ந்தவை, 3 குறுகியவை, 3 அகன்றவை, 3 ஆழ்ந்தவை. சிவந்த ஏழு: கடைக்கண், உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, நாக்கு, அண்ணம், நகம். ஆழ்ந்த மூன்றில் தொப்புளோடு குரலும் மனத்திட்பமும் சேர்ந்துவிடுகின்றன. கண்ணாடியில் தெரியாததும் லட்சணம்தான்.

கேள்வி: லட்சணம் பொய்க்குமா?

பதில்: வால்மீகியின் யுத்த காண்டத்தில் சீதையே பொய் என்கிறாள். நாகபாசத்தில் கிடக்கும் ராமன் இறந்துவிட்டதாக நினைத்து, பாதத்துத் தாமரை ரேகை, ஒன்றோடொன்று சேராத புருவம் என்று தன் உடலின் நற்குறிகளை எண்ணி எண்ணி அழுகிறாள். விதவையாக மாட்டாய் என்றவர்கள் எல்லாரும் பொய்யர்களாம்.

அவரே: ராமன் சாகவில்லையே! பலித்துவிட்டதே?

பதில்: விடமாட்டீர்கள். சரி, சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். அண்ணன் செங்குட்டுவன் இருக்க, தம்பி இளங்கோவுக்கு அரசாளும் 'திருப்பொறி', அதாவது உடம்பில் அதற்கான நற்குறி, உண்டு என்றான் குறி சொல்லும் நிமித்திகன் ஒருவன். இளங்கோ அவனை முறைத்துவிட்டுத் துறவியானார். பொறி உடம்பிலேயே இருந்தது, அரியணைதான் வரவில்லை.

இன்னொருவர்: முடிவில்லாத இன்பத்தை ஆளும் வேந்தர் என்று அங்கேயே அவரைச் சொல்கிறதே?

பதில்: சொல்கிறது, நல்ல பிடி. ஆனால் அரசனானாலும் பலித்தது, துறவியானாலும் பலித்தது என்றால் அதை வைத்து முன்கூட்டி எதைத் தீர்மானிப்பது?

கேள்வி: மகனுக்குப் பார்த்த பெண்ணுக்குக் கன்னத்தில் மச்சம். மாமியாருக்கு ஆகாதாமே?

பதில்: எந்த நூலில் என்று சொன்னவரைக் கேளுங்கள். மச்சத்தைக் காட்டிப் பெண்ணைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

கேள்வி: கண் துடித்தால்?

பதில்: அது நிமித்தம், அதாவது சகுனம்; லட்சணமில்லை. வேறு ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: வலது தோளில் மச்சம்…

பதில்: முதல் பதில்.

கேள்வி: முதுகில் மச்சம், இப்போது பெரிதாகிறது. பணம் வருமா?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி. நாளைக்கே போங்கள்.