சிகிச்சை முடிந்தது, பிறகு? மார்பகப் புற்றுநோய்: கேள்வி-பதில்

சோயா பால், தௌஹு (டோஃபு) சாப்பிடலாமா? (ஜெலுத்தோங்)

தாராளமாக. சோயாச் சத்து மாத்திரைகள் மட்டும் வேண்டாம்.

கை வீங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிட்டால் வடியுமா? (பிறை)

எத்தனை நாளாக வீக்கம், காய்ச்சல் உண்டா? ஒன்றுமே எழுதவில்லை. கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்று. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும் புது வீக்கத்தை டாக்டர் பார்த்தாக வேண்டும். இரத்தக்கட்டாகவும் இருக்கலாம்.

உருவுவதைப் பற்றி எத்தனை தடவைதான் எழுதுவது! ஆபரேஷனில் அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) வடிய வழி குறைந்துவிட்டது. நிணக்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே ஓடுபவை, மெல்லியவை. சூடான எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் அங்கே இரத்த ஓட்டம் கூடி, நீர் இன்னும் சேரும். பயிற்சி பெற்ற பிசியோ செய்வது வேறு: தோல் மட்டும் நகரும் அளவுக்கு வருடல், அதுவும் கழுத்தில் தொடங்கி, கைக்குக் கடைசியில்தான் வருவார். முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தள்ளி இரு கைகளையும் டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் என்றால் பிசியோவிடம் அழுத்த உறைக்கு (கையில் இறுக்கமாகப் போடும் உறை) அளவு கொடுங்கள். வேறொருவர் போட்ட பழைய உறை உதவாது. ஆறு மாதத்தில் அதன் இறுக்கம் போய்விடும்.

ஆபரேஷன் முடிந்து ஓராண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கலாமா? (பட்டர்வொர்த்)

கை காதை ஒட்டி மேலே போகிறதா? போகாவிட்டால் தினமும் விரல்களால் சுவரில் ஏறுங்கள், பத்து முறை. போனால், ஆறு வாரம் முன்பே குடத்தில் அரை லிட்டர் தண்ணீரோடு பழகி, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டுங்கள். வெயில் வீக்கத்தைக் கூட்டும், விடியுமுன் கிளம்புங்கள். ஆபரேஷன் செய்த பக்கக் கையிலும் மார்பிலும் முதுகிலும் அலகு கூடவே கூடாது.

எல்லாம் முடிந்து ஆறு மாதம். மனைவி இன்னும் சோர்ந்து கிடக்கிறார், அழுகிறார். (ஒரு கணவர், ஆயர் ஈத்தாம்)

முடிந்தது உங்களுக்கு. அவருக்கு ஒவ்வொரு செக்கப்புக்கு முந்திய வாரமும் பயம்தான். சோர்வு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். மாலையில் பத்து நிமிடம் கூடவே நடங்கள், வாரம் ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிக்குக் கொண்டுவாருங்கள். "தைரியமா இரு" என்று சொல்வதை நிறுத்துங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை, எதிலும் நாட்டமும் இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். டமாக்சிஃபென் (புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிட்டால் அதையும் சொல்ல மறக்காதீர்கள்: மனச்சோர்வு மருந்துகளில் பராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கும்.

டமாக்சிஃபெனால் உடம்பு எரிகிறது. நிறுத்திவிட்டேன், சரிதானே? (சுங்கை டுவா)

இல்லை. ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு. எரிச்சலுக்கு வழி உண்டு, டாக்டரைக் கேளுங்கள். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள்.